புளித்துப்போன தொட்டி

ஜூஸ் அக்காவின் கடையில் அரை டம்ளர் கேட்டு அரை டம்ளர் வாங்கிக் குடித்தவர் யாரும் கிடையாது. அரை கேட்டால் முக்கால் வரும். முழுசு கேட்டால், குடித்து முடிப்பதற்குள் மிக்ஸியில் ஒட்டியிருந்த மிச்சத்தையும் கொண்டுவந்து ஊற்றிவிடுவார். "போதும்" என்று மற்றவர்கள் சொல்வதெல்லாம் மரியாதைக்காகத்தான் என்பது அவர் கட்சி. வீட்டிலும் அப்படியே. சாப்பிடுகிறவர் தட்டை இரண்டு கையாலும் மூடிக்கொண்டால், விரல் இடுக்கில் ஒரு கரண்டி வைத்துவிட்டுப் போவார்.

ஜூஸ் போடுவது அவர் கணவர். நாள் முழுக்க மிக்ஸியின் இரைச்சலில் நின்று நின்று, அவர் பேச்சையே குறைத்துக்கொண்டுவிட்டார். எதைக் கேட்டாலும் தலையாட்டல்தான் பதில். தெருவில் அவருக்கு மிக்ஸி என்றே பெயர் விழுந்துவிட்டது. "மிக்ஸி இருக்காரா?" என்று கேட்டு வருகிறவர்களுக்கு, எந்த மிக்ஸி என்று அக்கா திருப்பிக் கேட்பார்.

முன்னால் கடை, அதை ஒட்டி வீடு, வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காலியிடம். காலியிடத்தின் ஓரத்தில் ஒரு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் மிக்ஸிக்காரரின் தம்பி மாடு வைத்திருந்தார். ஊருக்குப் பால்காரர், அக்காவுக்குக் கொழுந்தன். கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்ட மனிதர். கொட்டகையை ஒட்டி ஒரே ஓர் அறை, அதில் ஒரு கட்டில், ஒரு ரேடியோ. மத்தியானச் சாப்பாடு மட்டும் அண்ணி வீட்டில். அக்கா மணமாகி வந்தபோது அவர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அதுதான் வழக்கம். மதிலில் ஒரு மரக்கதவு இருந்தது. அதன் வழியாகச் சாப்பாட்டுக்கு வருவார். காலையில் அதே கதவு வழியாக அக்கா மாடுகளுக்குத் தர்பூசணித் தோலும் வாழைப்பழத் தோலும் கொண்டுபோவார். பால்காரர் அதை வாங்கி, வைக்கோலோடு கலந்து, ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு கை என்று அளந்து போடுவார். அந்த அளவு அக்காவுக்கு எப்போதும் பிடிக்காது. மாடு என்ன மருந்தா சாப்பிடுகிறது என்பார்.

மாடுகளில் அக்காவுக்குச் செல்லம் செவலை. வாளிச் சத்தம் கேட்டாலே அது கழுத்தை நீட்டிக்கொண்டு கதவுப் பக்கம் வந்து நிற்கும்.

ஒரு மாம்பழப் பருவத்தில் பால்காரர் ஒரு மாட்டைப் பார்ப்பதற்காக வெளியூர் போனார். பால் கறக்க ஓர் ஆளை ஏற்பாடு செய்துவிட்டு, தீனியை மட்டும், ஒரு மாட்டுக்கு ஒரு கை போதும் என்று சொல்லி, அண்ணியிடம் விட்டுவிட்டுப் போனார். அன்று கடையில் வியாபாரம் தலைக்கு மேல். பின்பக்கத்தில் மாம்பழச் சக்கையும் அன்னாசித் தோலும் நசுங்கிய திராட்சையும் குவிந்து கிடந்தன. கேட்பதற்கு யாரும் இல்லாத தைரியத்தில் அக்கா செவலைக்கு ஒரு கூடை வைத்தார். அது தின்று முடித்துவிட்டு அவரைப் பார்த்தது. இன்னொன்று வைத்தார். அதையும் தின்றது. பிறகு தீனித் தொட்டியை நிரப்பிவிட்டே உள்ளே போனார். அன்றைக்கு அவருக்கு அவ்வளவு திருப்தி.

மறுநாள் காலையில் செவலை எழுந்திருக்கவில்லை. வயிறு உப்பி, வாயில் நுரை தள்ளிக் கிடந்தது. மாட்டு டாக்டர் வந்து பார்த்தார். இனிப்பு ஒரேயடியாக உள்ளே போய் வயிறு புளித்துவிட்டது, அமிலம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார். ஊசி போட்டார், குழாய் விட்டார். பால்காரர் பஸ்ஸைப் பிடித்து வந்து சேர்வதற்கும் மாடு அடங்குவதற்கும் சரியாக இருந்தது.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு அவர் கதவோரம் வந்து நின்றார்.

"அண்ணி, ஒரு கை போதும்னு சொல்லிட்டுத்தானே போனேன்."

"ஆசையாத்தானே குடுத்தேன் தம்பி. விஷத்தையா வெச்சேன்?"

அவர் கதவைச் சாத்தினார். பிறகு பூட்டுப் போடும் சத்தம் கேட்டது. மறுநாள் மத்தியானம் அக்கா தட்டு போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. கொஞ்ச நாளில் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து விறகுப் புகை வரத் தொடங்கியது. தம்பி தானே பொங்கித் தின்கிறான் என்று மிக்ஸிக்காரர் சொன்னார். அந்த மாதம் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

அக்காவுக்கு மனசு ஆறவே இல்லை. மாடு போன துக்கம் ஒரு பக்கம் இருந்தாலும், அன்பாகக் கொடுத்ததைக் கொலை மாதிரிப் பேசிவிட்டானே என்பதுதான் உள்ளே உட்கார்ந்துகொண்டது. பழம் தின்று எங்காவது மாடு சாகுமா என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் கேட்டார். டாக்டரும் ஏதாவது ஒரு பேர் சொல்லியாக வேண்டுமே, அதனால் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் என்பார். கேட்டவர்களும், ஜூஸ் கையில் இருந்ததால், ஆமாம் என்றார்கள்.

இப்படியே சில வருஷங்கள் ஓடின. கதவு பூட்டியதிலிருந்து தோலும் சக்கையும் போக வழியில்லாமல் இந்தப் பக்கம் குவிந்தன. அந்தப் பக்கம் சாணி குவிந்தது. மழை பெய்தால் இரண்டு நாற்றமும் கைகோத்துக்கொண்டு தெருவுக்கு வரும். எதிர் வீட்டுத் தையல்காரர், கண்ணை மூடிக்கொண்டே காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று தன்னால் சொல்ல முடியும் என்பார். முதலில் சிரித்தார்கள். பிறகு புகார் கொடுத்தார்கள். சுகாதார ஆய்வாளர் வந்து மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு இரண்டு இடத்தையும் சுற்றிப் பார்த்தார். அடுத்த முறை வரும்போது இந்தக் குவியல் இருந்தால் கடையையும் கொட்டகையையும் மூட வேண்டியிருக்கும் என்று இரண்டு பேரிடமும் ஒரே மாதிரி சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா ஒரு ஆஸ்பத்திரி கேன்டீனுக்குப் பழம் கொடுத்துக்கொண்டிருந்தார். அங்கே காய்கறிக் கழிவையும் சோற்றையும் ஒரு தொட்டியில் போட்டு, அதில் வரும் வாயுவில் பால் காய்ச்சுவதைப் பார்த்திருக்கிறார். அந்தத் தொட்டியைக் கட்டிக் கொடுத்த பெண்ணைத் தேடிப் பிடித்தார். தொட்டிக்காரம்மா என்றுதான் அங்கே எல்லோரும் சொன்னார்கள். நிதானமான பெண்மணி. வந்து இடத்தை அளந்தார், குவியலைக் குச்சியால் கிளறிப் பார்த்தார், ஒத்துக்கொண்டார். குழி வெட்டி, செங்கல் வைத்துக் கட்டி, அதன் மேல் ஒரு பெரிய டிரம்மைக் கவிழ்த்து வைத்தார்கள். உள்ளே வாயு சேரச் சேர டிரம் மேலே எழும்பும். அதிலிருந்து ஒரு குழாய் அடுப்புக்கு. கனிந்துபோன பழத்தை எறியாமல் ஜாம் காய்ச்சி விற்கலாம் என்று அக்கா கணக்குப் போட்டிருந்தார்.

எல்லாம் தயாரானதும் தொட்டிக்காரம்மா, முதலில் தொட்டியைப் புதுச் சாணிக் கரைசலால் நிரப்ப வேண்டும் என்றார். வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் சாணியில்தான் இருக்கின்றன. அவை ஊன்றி வளர்ந்த பிறகுதான் பழத்தோல். அதற்குப் பிறகும் தினம் சாணி வேண்டும், வெறும் பழம் போட்டால் தொட்டி தாங்காது. சாணி பக்கத்தில் எங்கே கிடைக்கும் என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மதிலுக்கு அப்பாலிருந்து ஒரு மாடு கத்தியது. தொட்டிக்காரம்மா மதிலைப் பார்த்தார். அக்கா வேறு பக்கம் பார்த்தார்.

ஊருக்கு வெளியே இருந்து ஒரு வண்டி சாணி வரவழைத்துப் பார்த்தார் அக்கா. அது வெயிலில் காய்ந்து வறட்டி மாதிரி இருந்தது, பாதி மண். பிறகு கணவரை அனுப்பினார். மிக்ஸிக்காரர் போன வேகத்திலேயே திரும்பி வந்தார்.

"கேக்கறவங்க வந்து கேக்கட்டும்ங்கறான்."

அக்கா அன்று முழுக்க யாருக்கும் கூடுதலாக ஊற்றவில்லை. மறுநாள் காலை, கதவு பூட்டியிருந்ததால், தெருவைச் சுற்றிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். பால்காரர் மாட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சாணி வேண்டும் என்றார் அக்கா. ஆய்வாளர் தனக்கும் அதே தவணைதான் கொடுத்திருக்கிறார் என்றார் அவர். தன் அறைக்கும் ஒரு குழாய் இழுத்துக் கொடுப்பதானால் தினமும் தானே கொண்டுவந்து கொட்டுவதாகச் சொன்னார். பூட்டைத் திறக்கப் போனால் அது துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. கடப்பாரையால் நெம்பி உடைத்தார்.

அதன் பிறகு தினம் காலையில் தள்ளுவண்டியில் சாணி வந்தது. அவர் பேசுவது மட்டும் தொட்டியோடுதான். "இன்னைக்குக் கொஞ்சம் தண்ணி கூட வேணும்" என்று டிரம்மைப் பார்த்துச் சொல்வார். அக்காவும் டிரம்மைப் பார்த்தே, "அதுக்கென்ன, ஊத்திட்டாப் போச்சு" என்பார். அண்ணி என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. சாப்பிடக் கூப்பிடும் தைரியம் அக்காவுக்கும் வரவில்லை. மிக்ஸிக்காரர் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று கோலால் கரைசலைக் கலக்கினார்.

முதலில் வந்த வாயு எரியவில்லை. அது அப்படித்தான், வெளியே விட்டுவிடுங்கள் என்று தொட்டிக்காரம்மா முன்பே சொல்லியிருந்தார். சில நாள் கழித்து ஒரு காலையில் அக்கா தீக்குச்சியைக் காட்டியபோது அடுப்பு நீலமாகப் பற்றிக்கொண்டது. புகையில்லை, வாடையில்லை. அக்கா பாத்திரம் எதுவும் வைக்காமல் வெறும் தீயையே பார்த்துக்கொண்டு நின்றார். மதிலுக்கு அந்தப் பக்கமும் குழாய் போனது, விறகுப் புகை நின்றுபோனது.

பழத்தோலை எவ்வளவு போடலாம் என்று தொட்டிக்காரம்மா தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். இரண்டு வாளி சாணிக்கு ஒரு சின்ன வாளி பழம், பொடியாக நறுக்கியது, கொட்டையில்லாமல். மெதுவாகத்தான் கூட்ட வேண்டும். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் வேண்டாம், அதில் இருக்கும் எண்ணெய் நுண்ணுயிர்களுக்கு ஆகாது. அக்கா அதன்படியே செய்தார். சாணியை விடப் பழத்துக்கு டிரம் சட்டென்று எழும்புவதைப் பார்த்தார். ஒரு நாள் வாளியைக் கோபுரமாக நிரப்பினார். டிரம் இன்னும் எழும்பியது. அவ்வளவுதான், அவர் கை அவர் சொல்வதைக் கேட்கவில்லை.

மறுபடி மாம்பழப் பருவம் வந்தது. சக்கை, தோல், அழுகல், அன்னாசி, ஆரஞ்சு என்று வந்ததெல்லாம் உள்ளே போனது. டிரம் வயிறு முட்டச் சாப்பிட்ட பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றது. அக்கா கடைக்கு வந்தவர்களைப் பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினார். ஜாம் பாட்டில்கள் அலமாரியில் வரிசை கட்டின. சாணி போதாதோ என்று பால்காரர் ஒரு நாள் டிரம்மிடம் கேட்டார். டிரம் எழும்பியிருப்பதே பதில் என்று அக்கா இருந்துவிட்டார்.

பிறகு ஒரு நாள் தீ நடுங்கியது. அடுப்பிலிருந்து எம்பி எம்பி எரிந்து அணைந்தது. பாதி வெந்த ஜாம் பாத்திரத்தில் அப்படியே உறைந்தது. டிரம் இறங்கத் தொடங்கியது. பசிக்கிறது போலிருக்கிறது என்று அக்கா இன்னும் இரண்டு வாளி போட்டார். மறுநாள் டிரம் தரையோடு தரையாக உட்கார்ந்துவிட்டது. கரைசல் வெளியே வரும் வாயிலிருந்து ஒரு வாடை கிளம்பியது. சாணி வாடையில்லை, அழுகல் வாடையுமில்லை. காடியைத் திறந்து வைத்த மாதிரி மூக்கைக் குத்தும் ஒரு புளிப்பு.

தொட்டிக்காரம்மா வந்தார். ஒரு காகிதத் துண்டைக் கரைசலில் நனைத்து, அது மாறிய நிறத்தைப் பார்த்தார். எவ்வளவு பழம் போட்டீர்கள் என்று கேட்டார். எதையும் கூட்டியே சொல்லிப் பழகிய அக்கா, வாழ்க்கையில் முதல் தடவையாகக் குறைத்துச் சொன்னார். தொட்டிக்காரம்மா நம்பவில்லை, ஆனால் திட்டவும் இல்லை. இனிப்பை அமிலமாக்கும் கிருமிகள் வேகமானவை, அமிலத்தை வாயுவாக்குகிறவை மெதுவானவை, முன்னது ஓடிக்கொண்டே இருந்தால் பின்னதால் ஈடுகொடுக்க முடியாது, அமிலம் தேங்கித் தேங்கி அவை செத்துப்போகும் என்று விளக்கினார். கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணீர், தினம் சாணிக் கரைசல், மற்றபடி பழம் ஒரு துண்டு கூட வேண்டாம். பிழைத்தால் பிழைக்கும். இல்லையென்றால் எல்லாவற்றையும் வாரிக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அவர் போன பிறகு பால்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். மரக்கதவருகிலேயே நின்றுவிட்டார். மெதுவாக நடந்துவந்து, கரைசல் வரும் வாயருகே குனிந்து முகர்ந்தார். நிமிர்வதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"செவல வாயில இதே வாடைதான் அடிச்சுது" என்றார்.

இந்தத் தடவை டிரம்மைப் பார்த்துச் சொல்லவில்லை. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. வண்டியிலிருந்த சாணியைக் கொட்டிவிட்டுப் போய்விட்டார்.

அக்கா உள்ளே வந்து அணைந்த அடுப்புக்கு எதிரே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கடையில் மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது. மாட்டு டாக்டர் அன்றைக்குச் சொன்னதும் இன்றைக்குத் தொட்டிக்காரம்மா சொன்னதும் ஒன்றேதான் என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. அன்று அது வெறும் வார்த்தையாக இருந்தது. செவலையின் வயிற்றை யார் திறந்து பார்த்தார்கள்? இங்கே திறந்து கிடக்கிறது, மூக்கை வைத்தால் தெரிகிறது. அது தின்று முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது. இன்னும் கேட்கிறது என்றுதான் அன்று எடுத்துக்கொண்டார். மாடு என்றால் யார் வந்தாலும் நிமிர்ந்து பார்க்கத்தான் செய்யும். கேட்டது மாடா, தன் கையா? இத்தனை வருஷம் ஆசையாகக் கொடுத்தேன், ஆசையாகக் கொடுத்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். அது பொய்யில்லை. அந்த ஆசையால்தான் செவலை செத்தது. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பது அவருக்குத் தெரியாமல் போயிற்று. முந்தானையால் முகத்தைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். ஜூஸ் கேட்டு யாரோ கூப்பிட்டார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் பால் கறக்கும் நேரத்தில் மரக்கதவு வழியாகக் கொட்டகைக்குப் போனார். பால்காரர் மடியைக் கழுவிக்கொண்டிருந்தார். அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீ அன்னைக்குச் சொன்னது சரிதான் தம்பி. என் கையாலதான் செவல போச்சு."

பால்காரர் கழுவுவதை நிறுத்தவில்லை. வாளியை எடுத்து வைத்தார், முக்காலியை இழுத்துப் போட்டார். பிறகு சொன்னார்:

"நானும் போயிருக்கக் கூடாது. அன்னைக்குப் பாக்கப் போன மாட்டை வாங்கவும் இல்ல."

"நீ கோவத்துல கதவப் பூட்டிட்டேன்னு நெனச்சேன்."

"கோவந்தான். கோவம் கொஞ்ச நாள்ல போயிடுச்சு. கதவத் தொறந்தா செவல வந்து நிக்கிற எடம் கண்ணுல படுது. அதான் அப்படியே விட்டுட்டேன் அண்ணி."

பால் வாளியில் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா கறந்து முடியும் வரை நின்றிருந்துவிட்டு வந்தார். மறுநாள் மத்தியானம் பால்காரர் சாப்பிட வந்தார். வழக்கம் போல மிக்ஸிக்காரர் தலையாட்டினார்.

தொட்டி பிழைக்குமா பிழைக்காதா என்று தெரியாத அந்த நாட்கள்தான் தன் வாழ்க்கையிலேயே கஷ்டமானவை என்று அக்கா பிற்பாடு சொல்வார். செய்வதற்கு ஒன்றுமில்லை. கொடுக்காமல் இருப்பதுதான் வேலை. தோலையெல்லாம் மொட்டை மாடியில் பரப்பிக் காயவைத்தார்கள். அக்கா தொட்டிப் பக்கம் போவார், நிற்பார், கையைப் பிசைவார், திரும்பி வருவார். ஒரு நாள் கையில் ஒரு வாழைப்பழத் தோலோடு போய் நின்றதைக் கணவர் பார்த்துவிட்டார். அக்காவே தோலைக் கொண்டுபோய் மாடியில் போட்டார்.

புளிப்பு வாடை கொஞ்சம் கொஞ்சமாக மங்கியது. தொட்டிக்காரம்மா வந்து காகிதத்தை நனைத்துப் பார்த்து, தேறிக்கொண்டு வருகிறது என்றார். பிறகு ஒரு காலையில் டிரம் ஒரு விரல் அளவு எழும்பியிருந்தது. முதலில் பார்த்தது மிக்ஸிக்காரர்தான். கடைக்குள் வந்து மிக்ஸியை நிறுத்தினார். வியாபார நேரத்தில் அவர் மிக்ஸியை நிறுத்தி யாரும் பார்த்ததில்லை. அக்கா என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்.

அன்றிலிருந்து பழத்தை அளப்பது பால்காரர், சாணியை அளப்பது அக்கா என்று மாற்றி வைத்துக்கொண்டார்கள். சாணியை எவ்வளவு கூட்டிப் போட்டாலும் தொட்டிக்குக் கெடுதலில்லை. அக்காவின் கைக்கு அது தோதாக இருந்தது. கலக்குவது மட்டும் தன் தொழில், அதை யாரும் தொடக் கூடாது என்றார் மிக்ஸிக்காரர்.

ஆய்வாளர் மறுபடி வந்தபோது குவியல் இல்லை. கைக்குட்டையைப் பையில் வைத்துவிட்டு ஒரு டம்ளர் ஜூஸ் குடித்தார். தொட்டியிலிருந்து வெளியே வரும் கரைசலைத் தெருவில் செடி வைத்திருப்பவர்கள் வாளியோடு வந்து வாங்கிப்போனார்கள். தையல்காரர் வீட்டு ரோஜா அந்த வருஷம் நன்றாகப் பூத்தது. காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று இப்போது தெரிவதில்லை என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார்.

அதற்கு அடுத்த வருஷம் பால்காரரின் மூத்த மாடு பால் வற்றியது. புள்ளி என்று பெயர். வயதாகிவிட்டது, இனிச் சினை பிடிக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வழக்கமாக அடிமாடு வாங்கும் வியாபாரி, அந்தத் தொழிலுக்கே உரிய மோப்பத்தோடு, சொல்லி அனுப்பாமலேயே வண்டியோடு வந்து நின்றார். இதற்கு முன்னால் வற்றிய மாடுகளையெல்லாம் அவரிடம்தான் கொடுத்திருக்கிறார் பால்காரர். கொடுத்துவிட்டு இரண்டு நாள் ரேடியோ போட மாட்டார். கறக்காத மாட்டுக்குத் தீனி போட அவருக்கு வழியில்லை. அவர் வேறு என்னதான் செய்வார்?

வியாபாரி புள்ளியைச் சுற்றி வந்தார். பல்லைப் பார்க்க வாயைப் பிடித்தார். பால்காரர் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். மரக்கதவு திறந்திருந்தது. அக்கா சாணிக் கூடையோடு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். இதில் தான் வாய் திறக்கக் கூடாது என்று உதட்டை இறுக்கி வைத்திருந்தார்.

"இல்லண்ணே, குடுக்கல" என்றார் பால்காரர்.

வியாபாரிக்குப் புரியவில்லை. பால் இல்லாத மாட்டை வைத்துக்கொண்டு என்ன பண்ணப் போகிறாய் என்று கேட்டார். அது போடுகிற சாணி இருக்கிறதே, இங்கே இரண்டு அடுப்பு எரிகிறது என்றார் பால்காரர். சாணிக்காக மாடு வளர்க்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று வியாபாரி சிரித்தார். கொஞ்ச நேரம் பேசிப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். வெயிலில் வந்தவர் என்று அக்கா கடைக்குக் கூட்டிப்போய் ஜூஸ் கொடுத்தார். அவர் வண்டி காலியாகத் தெருவைத் தாண்டிப் போனது.

பால்காரர் புள்ளியின் கழுத்தைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அதை நிழல் விழும் பக்கமாக மாற்றிக் கட்டினார். அக்கா தண்ணீர்த் தொட்டியின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ள, இரண்டு பேருமாக அதையும் நகர்த்தி வைத்தார்கள்.